பிள்ளை யாரோடு விளையாடுகிறான்?



சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வு நெருங்கிய நேரம். காயல்பட்டினத்திலிருந்து என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "காக்கா, நீங்க வந்து அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. சாப்பிடக் கூப்பிட்டா எழுந்து வரமாட்டேங்குறான். கேட்டா, ஆட்டத்தை நிறுத்த முடியாது உம்மான்னு பொய் சொல்றான்" என்றாள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவளுடைய மகனைப் பற்றிய புகார் அது.

நான் சென்றேன். ஒரு வார்த்தையா சொன்னேன்? அரைமணி நேரம் சொன்னேன். அதன்பின் விளையாட்டுக் கருவியின் கன்ட்ரோலரை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். தாய்மாமனுக்குரிய கடமையைச் செவ்வனே முடித்துவிட்ட நிறைவு எனக்கு. மருமகன் எதுவும் பேசவில்லை. அந்த மௌனத்தை நான் பணிவு என்று எடுத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஜித்தாவிலிருந்து மச்சான் அழைத்தார். நலம் விசாரித்தார், ஊர்ச் செய்தி கேட்டார், மழையைப் பற்றிக் கேட்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மச்சான், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்காதீங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டுமாவது அவன்கிட்ட அதைக் கொடுக்கச் சொல்லுங்களேன். நானும் அவனும் அதுலதான் பேசிக்கிட்டு இருந்தோம்."

நான் மருமகனிடம் என்னென்னவோ கேட்டிருந்தேன். எத்தனை மணி நேரம் ஆடுகிறாய், மதிப்பெண் என்ன ஆயிற்று, ஃபஜ்ருக்கு எழுந்தாயா என்றெல்லாம் கேட்டேன். யாரோடு விளையாடுகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது. காணொளி விளையாட்டு என்றாலே நம் வீடுகளில் எழும் தீர்ப்பு ஒன்றுதான்: நேரக் கொலை. தனி அறையில் அமர்ந்து திரையைச் சுட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் உருவம்தான் நம் மனத்தில் வருகிறது. கால்பந்து, கிரிக்கெட், கூடைப்பந்து போன்ற விளையாட்டுகளின் இன்றைய வடிவம் அந்த உருவத்தோடு பொருந்துவதில்லை. அவற்றின் உயிர் இப்போது இணையத்தில் கூடும் மனிதர்களிடம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. நாமோ இரண்டையும் பாராமல் கருவியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

என் மருமகன் ஆடுவது இ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. 2023 வரை ஃபிஃபா என்ற பெயரில் வந்துகொண்டிருந்த அதே கால்பந்து விளையாட்டு. அதில் 'கிளப்ஸ்' என்றொரு பகுதி இருக்கிறது. வழக்கமான ஆட்டத்தில் ஒருவரே பதினொரு வீரரையும் மாற்றி மாற்றி இயக்குவார். கிளப்ஸ் அப்படியன்று. ஒருவர் ஒரே ஒரு வீரரை மட்டும் இயக்குவார். வலப்புறத் தடுப்பாளர் நீங்கள் என்றால் தொண்ணூறு நிமிடக் கணக்கும் முடியும்வரை நீங்கள் அவர்தான். பந்து உங்களிடம் வராத நேரத்திலும் உங்கள் இடத்தில் நின்றாக வேண்டும். நண்பர்கள் சேர்ந்து தங்களுக்கென ஓர் அணியை அமைத்து, பெயரும் சின்னமும் சீருடையும் வைத்து, வேறு ஊர்களில் இருக்கும் அணிகளோடு மோதலாம்.

இந்த முறை முளைவிட்டது 2008-இல் வெளியான ஃபிஃபா 09-இல். அதில் பத்துப் பேருக்குப் பத்துப் பேர் என்று ஆடலாம். கோல் காப்பாளரை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். ஃபிஃபா 11-இல் கோல் காப்பாளர் இடத்தையும் மனிதரே ஏற்கும் வசதி வந்தது. அதன் பிறகும் நெடுங்காலம் ஒரு தடை இருந்தது. ஒருவரிடம் பிளேஸ்டேஷனும் இன்னொருவரிடம் எக்ஸ்பாக்ஸும் இருந்தால் இருவரும் ஓர் அணியில் சேர முடியாது. 2023 செப்டம்பரில் வந்த எஃப்.சி. 24 அந்தத் தடையை கிளப்ஸ் பகுதியிலும் நீக்கியது. நம்மைப் போன்ற, உலகெங்கும் சிதறிக் கிடக்கும் குடும்பங்களுக்கு இது சிறிய செய்தி அன்று. கொழும்பில் இருக்கும் பெரியப்பா மகனும், சென்னையில் படிக்கும் அவன் தம்பியும், ஹாங்காங்கில் வேலை பார்க்கும் இன்னொருவரும் என் மருமகனின் அணியில் சேர்ந்தது அதன் பிறகுதான்.

அந்த அணியின் வலப்புறத் தடுப்பாளர் என் மச்சான். ஜித்தாவில் நான்கு பேர் தங்கும் அறையில் அவர் இருக்கிறார். கருவி அறைத்தோழருடையது, வெள்ளிக்கிழமை இரவுகளில் அவர் மனமுவந்து கொடுத்துவிடுவார்.

நம் ஊர் வீடுகளில் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் இடையே நடக்கும் தொலைபேசி உரையாடலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒருவேளை நீங்களே அந்தத் தகப்பனாகவோ பிள்ளையாகவோ இருந்திருக்கலாம். சாப்பிட்டியா. சாப்பிட்டேன் வாப்பா. படிச்சியா. படிச்சேன் வாப்பா. ஓதுனியா. ஓதுனேன் வாப்பா. உம்மாகிட்ட கொடு. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அன்பில்லாமல் அல்ல, பேசுவதற்குப் பொதுவான பொருள் இல்லாமல். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றிரண்டு மாத விடுப்பில் வரும் மனிதருக்கு மகனின் நண்பர்கள் பெயர் தெரியாது; மகனுக்குத் தகப்பனின் வேலை என்னவென்று சரியாகத் தெரியாது.

இப்போது வெள்ளி இரவில் நடப்பதைக் கேளுங்கள். "வாப்பா, பின்னாடி வாங்க, பின்னாடி! உங்க ஆளை விட்டுட்டீங்க!" என்று பதினான்கு வயது மகன் தகப்பனுக்குக் கட்டளையிடுகிறான். தகப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு (உட்கார்ந்த இடத்தில் ஏன் மூச்சு வாங்குகிறதோ, அல்லாஹ்தான் அறிவான்) மன்னிப்புக் கேட்கிறார். ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடைப்பட்ட சில நிமிடங்களில்தான் உண்மையான பேச்சு நடக்கிறது. கணக்கு ஆசிரியர் தன்னை வகுப்பில் கேலி செய்ததை மகன் தன் உம்மாவிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அந்த இடைவேளையில் வாப்பாவிடம் சொல்லியிருக்கிறான். தோளோடு தோள் நின்று ஒரு வேலையைச் செய்யும்போது ஆண்பிள்ளைகளின் வாய் திறக்கிறது. முன்பெல்லாம் அந்த வேலை கடையாகவோ தோணியாகவோ தோப்பாகவோ இருந்தது. கடல் கடந்து போன தகப்பனுக்கு அது எங்கே கிடைக்கும்?

நான் பூட்டிவைத்தது அந்த இடைவேளையைத்தான்.

இனி, "நிறுத்த முடியாது உம்மா" என்ற அந்தப் 'பொய்'யைப் பற்றி. அது பொய் அன்று. தனியே ஆடும் ஆட்டத்தை நினைத்த நேரத்தில் நிறுத்தி வைக்கலாம். கிளப்ஸ் ஆட்டத்தில் பலர் சேர்ந்து ஆடும்போது ஒருவர் விரும்பினார் என்பதற்காக ஆட்டம் நிற்காது. அவர் எழுந்து போனால் அணி ஒருவரை இழந்து ஆட வேண்டும். என் தங்கை கீழ்ப்படியாமை என்று கண்டது, மகன் பக்கத்தில் நின்று பார்த்தால், சேர்ந்தவர்களை நடுவில் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்ற எண்ணம். வாக்கைக் காப்பாற்று, ஒப்புக்கொண்டதை முடி என்று மதரஸாவில் நாம் எதைக் கற்றுக்கொடுத்தோமோ அதுவே ஒரு திரைக்கு முன்னால் வெளிப்பட்டபோது நமக்கு அடையாளம் தெரியவில்லை.

அதற்காக உம்மாவின் சோறு ஆறிப்போகலாம் என்றோ, பாங்கு சொன்ன பிறகும் ஆட்டம் நடக்கலாம் என்றோ நான் சொல்லவில்லை. தீர்வு ஆட்டத்தின் நடுவில் இல்லை, தொடக்கத்தில் இருக்கிறது. ஓர் ஆட்டம் ஏறத்தாழக் கால் மணி நேரம் பிடிக்கும். ஆகவே பாங்குக்கு இருபது நிமிடம் இருக்கையில் புதிய ஆட்டம் தொடங்கக் கூடாது. சாப்பாட்டு நேரத்துக்கும் அதே விதி. தங்கை வீட்டில் இது இப்போது நடைமுறையில் இருக்கிறது. சத்தம் குறைந்துவிட்டது. ஊருக்கு ஊர் வக்த்து மாறுவதுதான் சிக்கல். நம் ஊரில் இரவு ஒன்பதரை என்றால் ஜித்தாவில் ஏழு மணி, ஹாங்காங்கில் நள்ளிரவு. ஜித்தாவின் ஏழு மணியை ஒட்டிக் கோடையில் மஃரிபும் குளிர்காலத்தில் இஷாவும் வந்து நிற்கும். அதனால் வாரந்தோறும் ஆட்டத்துக்கு முன் பிள்ளைகள் எல்லா ஊர்களின் தொழுகை நேரத்தையும் பார்த்து, அரைமணி முன்பின்னாக நேரம் குறிக்கிறார்கள். ஜித்தாவில் இஷா எத்தனை மணிக்கு என்று அந்தப் பையனிடம் இப்போது கேளுங்கள், உடனே சொல்லுவான்.

கால்பந்தோடு இது நின்றுவிடவில்லை. கிரிக்கெட்டில் வேறு வகையான கூட்டு முயற்சி ஒன்று நடந்திருக்கிறது. மெல்பர்னைச் சேர்ந்த பிக் ஆன்ட் நிறுவனம் 2014-இல் டான் பிராட்மேன் கிரிக்கெட் 14 என்ற விளையாட்டை வெளியிட்டது. உண்மையான வீரர்களின் பெயரையும் முகத்தையும் பயன்படுத்தும் உரிமம் இல்லாத குறையை அது வேறு வழியில் ஈடுசெய்தது. வீரர்களையும் அணிகளையும் உருவாக்கும் கருவியை விளையாட்டு வெளிவருமுன்னரே பொதுமக்களிடம் கொடுத்துவிட்டது. ரசிகர்கள் தங்கள் நாட்டு வீரர்களை ஒவ்வொருவராக உருவாக்கிப் பகிர்ந்தனர். விளையாட்டை வாங்கியவர் அவற்றை இறக்கிக்கொண்டு ஆடினார். யாருக்கும் இதற்காகக் காசு கிடைக்கவில்லை.

அதற்கும் முந்திய கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. இ.ஏ. நிறுவனம் 2006-இன் இறுதியில் வெளியிட்ட கிரிக்கெட் 07-க்குப் பிறகு அந்த வரிசையில் வேறு கிரிக்கெட் விளையாட்டைக் கொண்டுவரவில்லை. நிறுவனம் கைவிட்டது, ரசிகர்கள் கைவிடவில்லை. புதிய சீருடை, புதிய வீரர் பட்டியல், ஐ.பி.எல். அணிகள் என்று இந்திய இளைஞர்கள் உள்ளிட்ட பலர் அதை ஆண்டுக்கணக்கில் புதுப்பித்துக்கொண்டே வந்தனர். உங்கள் வீட்டுப் பழைய கணினியிலும் அது ஒரு காலத்தில் இருந்திருக்கக்கூடும். ஒரு சீருடையின் கோடு சரியான இடத்தில் விழவேண்டும் என்பதற்காக இரவெல்லாம் விழித்திருந்து, முடிந்ததும் முன்பின் தெரியாதவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த பிள்ளைகள் அவர்கள். அதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மவ்லானா அபுல் கலாம் ஆஸாத் பெயரிலான கால்பந்துப் போட்டிக்கு ஊரே திரளும் காயல்பட்டினத்தில் பிறந்த பெண்ணுக்குப் பந்தைப் பற்றித் தெரியாமலா இருக்கும்? என் மகளுக்குத் தெரியும், ஆடத்தான் இடமில்லை. 2021-இல் வந்த ஃபிஃபா 22 முதல் கிளப்ஸ் பகுதியில் பெண் வீரரையும் உருவாக்கிக்கொள்ளலாம். தன் மாமி மகன்களின் அணியில் நடுக்களத்தில் ஆடுகிறாள். ஒலிவாங்கியை அணைத்துவைத்துவிட்டு ஆடுகிறாள். அது அவளே எடுத்த முடிவு. அணியில் மிகக் குறைவாகப் பந்தை இழப்பவள் அவள்தான் என்பது மருமகனின் புகார் கலந்த பாராட்டு.

தீமையின் பக்கத்துக்கு வருகிறேன். முதலாவது, முகம் தெரியாதவர்களின் வாய். பொதுத் தளத்தில் ஒலிவாங்கியைத் திறந்துவைத்தால் தாயையும் மார்க்கத்தையும் இழுத்துப் பேசும் சொற்கள் வந்து விழும். பெயரைப் பார்த்து நம் பிள்ளைகளைத் தீவிரவாதி என்று அழைத்தவர்களும் உண்டு. இதற்குத் தடுப்பு இருக்கிறது. நண்பர்கள் மட்டும் பேசும் குழுவை அமைக்கலாம், அறியாதவர்களின் குரலையும் செய்தியையும் முழுமையாக அடைக்கலாம், முறையிடலாம். பிள்ளைக்கு அவன் வயதுக்குரிய கணக்கைத் திறந்து, அதைப் பெற்றோர் கணக்கின் கீழ் வைத்தால் யார் அவனோடு பேசலாம், எவ்வளவு நேரம் ஆடலாம், எவ்வளவு செலவிடலாம் என்பதையெல்லாம் நாமே வரையறுக்கலாம். நம்மில் பலர் செய்வது என்ன? கடைக்காரர் தம்பியிடம் கொடுத்து, முப்பது வயது என்று போட்டுக் கணக்கைத் திறந்துவிடுகிறோம். தெருவில் விளையாடப் போகும் பிள்ளையிடம் யார் வீட்டுப் பிள்ளைகளோடு என்று கேட்கும் நாம், இந்தத் தெருவின் கதவை நாமே கழற்றிவைத்துவிடுகிறோம்.

இரண்டாவது தீமை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அது விற்பனை. இதே கால்பந்து விளையாட்டில் கிளப்ஸ் பகுதிக்கு அடுத்த கதவில் 'அல்டிமேட் டீம்' என்ற பகுதி இருக்கிறது, 2009-இல் தொடங்கியது. அதில் வீரர்கள் சீட்டுகளாக மூடிய உறைக்குள் வருவார்கள். ஆடிச் சேர்த்த நாணயத்தாலும் உறை வாங்கலாம், உண்மைப் பணத்தாலும் வாங்கலாம். உள்ளே யார் இருக்கிறார் என்பது திறந்த பிறகுதான் தெரியும். 2018-இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் இது அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்துக்கு முரணானது என்றது. 2019 ஜனவரி இறுதியில் இ.ஏ. அங்கே அந்த விற்பனையை நிறுத்தியது. நெதர்லாந்தில் ஒரு கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டு, 2022-இல் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. ஆக, சட்டங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை.

நான் ஆலிம் அல்லேன். மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் பணத்தைக் கொடுத்துவிட்டு, என்ன வரும் என்று நெஞ்சு படபடக்கக் காத்திருக்கும் பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். உறவினர் வீட்டில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கைபேசி விளையாட்டில், உம்மாவின் கணக்கிலிருந்து சிறுகச் சிறுகப் பதினோராயிரம் ரூபாய் போன பிறகுதான் கண்டுபிடித்தார்கள். மகன் அழுதான், அதற்கு மறுநாள் மறுபடியும் உறை திறக்கும் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை நான் சூதாட்ட மேசையின் முகம் என்றுதான் சொல்வேன். உங்கள் ஊர் ஆலிமிடம் விவரத்தைச் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே 'கேம்' என்று சொல்லாமல், உறை எப்படி விற்கப்படுகிறது என்பதை விளக்கிச் சொல்லிக் கேளுங்கள்.

2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. மின்விளையாட்டுப் போட்டிகளுக்கு அதே சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. நல்லது. ஆயினும் அரசு பார்த்துக்கொள்ளும் என்று உறை விஷயத்தில் நாம் கையைக் கட்டிக்கொள்ள முடியாது. பிள்ளையின் கணக்கில் செலவு வரம்பைச் சுழியமாக வைப்பது ஐந்து நிமிட வேலை. கிளப்ஸ் ஆட்டத்துக்கு உறை தேவையே இல்லை என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நலம். விளையாட்டின் விலையும் இணையச் சந்தாவும் போதும். அதுவே குறைந்த தொகை அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆண்டுதோறும் புதிய பதிப்பு வந்து பழையதில் ஆள் குறைந்துபோவதும் ஓர் அநியாயம்தான்.

திடலில் ஓடியாடுவதற்கு இது ஈடாகுமா என்று கேட்பீர்கள். ஆகாது. அஸருக்குப் பிறகு மருமகன் கடற்கரை மணலில் பந்து உதைக்கப் போகாத நாளில் கருவி திறக்கப்படாது என்பதும் தங்கை வீட்டு விதிகளில் ஒன்று. அந்த மணலில் அவன் நண்பர்கள் இருக்கிறார்கள், வாப்பா இல்லை.

அன்று தொலைபேசியை வைத்ததும் நான் உடனே சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடவில்லை. தேர்வு முடியட்டும் என்று வீம்பாக இரண்டு வாரம் வைத்திருந்தேன். அது தவறு என்று இப்போது தோன்றுகிறது. அந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளும் மச்சானுக்குத் திரும்பி வரப்போவதில்லை. சாவியைக் கொடுத்த அன்று மருமகனிடம், "உங்க அணியில யார் யார் இருக்காங்க?" என்று கேட்டேன். அவன் ஒரு தாளை எடுத்து, பதினொரு இடங்களையும் வரைந்து, பெயர் எழுதிக் காட்டினான். கோல் காப்பாளர் இடம் காலியாக இருந்தது. "அதுக்கு யாரும் வரமாட்டேங்குறாங்க மாமா. சும்மா நிக்கணும், பந்து உள்ள போனா எல்லாரும் திட்டுவாங்க" என்றான்.

அந்த இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். சென்ற வாரம் நான்கு கோல் விட்டேன். அதில் இரண்டுக்குக் காரணம் வலப்புறத் தடுப்பாளர் என்று இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறேன். இந்த வெள்ளிக்கிழமை ஆட்டம், இன்ஷா அல்லாஹ், பத்து மணிக்கு. ஜித்தாவில் இஷா ஜமாஅத் முடிய வேண்டுமாம்.